பாதிப் பஸ்கியும் முழுப் பஸ்கியும்

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் ஒரு பரிசைத் தகுதியறியாது கொடுத்துவிட்டேன். அந்தத் தவற்றிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்க விரும்புகிறேன்.

2004ஆம் ஆண்டு எங்கள் பள்ளியின் விளையாட்டு விழாவில் ஒரு புதுப் போட்டி வைத்தோம். மூன்று நிமிடத்திற்குள் யார் அதிகமான பஸ்கி எடுக்கிறாரோ அவருக்குப் பரிசு. பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் 112 பஸ்கி எடுத்தான். அவனுக்கு அடுத்து நின்ற மாணவனால் 64தான் எடுக்க முடிந்தது. கூட்டம் முதல்வனுக்குக் கைதட்டியது, நானும் தட்டினேன். மாணவர்கள் பி.டி. வாத்தியார் என்று அழைத்த எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் மட்டும் என் காதருகே வந்து, "ஐயா, முதல் பையன் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி மடக்கி எழுந்தான். இரண்டாவது பையன் ஒவ்வொரு முறையும் குதிகால் வரை உட்கார்ந்து எழுந்தான்" என்றார். "எண்ணிக்கைதானே விதி? எண்ணிக்கைப்படியே கொடுத்துவிடுவோம்" என்று நான் முடித்துவிட்டேன். நான் கணித ஆசிரியன். எண்ணைக் கண்டால் அதோடு நின்றுவிடும் பழக்கம் எனக்கு உண்டு.

இரண்டு மாதம் கழிந்தது. நூலகத்துக்குப் புத்தகப் பெட்டிகள் வந்து இறங்கின. பரிசு பெற்ற மாணவன் தரையிலிருந்த ஒரு பெட்டியைத் தூக்குவதற்காகக் குந்தி உட்கார்ந்தான். பெட்டியை அணைத்துப் பிடித்தான். ஆனால் எழ முடியவில்லை. அதே பெட்டியை மேசை மேல் வைத்துக் கொடுத்தபோது இலேசாகத் தூக்கிக்கொண்டு நடந்தான். 64 பஸ்கி எடுத்தவனோ அதே எடையுள்ள வேறொரு பெட்டியைத் தரையிலிருந்தே எடுத்துக்கொண்டு எழுந்தான். முதல்வன் என்னிடம் வந்து, "ஐயா, நான் தினமும் நூறு பஸ்கிக்கு மேல் எடுக்கிறேன். இருந்தும் கீழேயிருந்து எழ வரவில்லையே, ஏன்?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. பி.டி. வாத்தியாரைக் கேட்டேன். அவர், "போகாத இடத்தில் பலம் வராது, ஐயா" என்று ஐந்தே சொற்களில் சொல்லி முடித்தார். அந்த ஐந்து சொற்களுக்குள் எவ்வளவு உண்மை இருக்கிறது, எங்கே அதற்கு விலக்கு இருக்கிறது என்பதைப் பின்னர் நான் படித்தறிந்தேன். அதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நாம் பேசப் போகும் பொருளை வரையறுத்துக்கொள்வோம். நம் உடலின் ஒவ்வொரு மூட்டும் ஓர் எல்லையிலிருந்து மற்றோர் எல்லை வரை அசையக்கூடியது. கையை நேராக நீட்டுங்கள். அப்போது முழங்கை மடங்கிய அளவு சுழியப் பாகை. உள்ளங்கை தோளை நெருங்கும்வரை மடக்குங்கள். அது ஏறத்தாழ 140 பாகைக்கு வந்துவிடும். இவ்விரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட அசைவையே மூட்டின் இயக்க வீச்சு என்கிறோம். ஒரு பயிற்சியில் இவ்வீச்சு முழுவதையும் பயன்படுத்தினால் அது முழு வீச்சுப் பயிற்சி. ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்தினால் அது பகுதி வீச்சுப் பயிற்சி. மார்பு தரையருகே செல்லும்வரை இறங்கி எழும் தண்டால் முன்னதைச் சேர்ந்தது. முழங்கையைச் சிறிது மடக்கி உடனே நிமிர்ந்துவிடும் தண்டால் பின்னதைச் சேர்ந்தது. இரண்டினாலும் வியர்வை வரும். இரண்டினாலும் தசை களைக்கும். ஆயினும் இரண்டும் தரும் வலிமை ஒன்றா என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடை காணத் தசை எவ்வாறு இழுக்கிறது என்பதை அறிதல் வேண்டும். 1954ஆம் ஆண்டு 'நேச்சர்' என்னும் ஆங்கில விஞ்ஞான இதழில் இரண்டு கட்டுரைகள் ஒருசேர வெளிவந்தன. ஒன்றை ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும் எழுதினர். மற்றொன்றை ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதினர். இரு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர். ஆனால் இருவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தனர். தசைக்குள் மிக நுண்ணிய அறைகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றிற்குச் சார்கோமியர் என்று பெயர். ஒவ்வோர் அறையிலும் மயோசின் என்னும் தடித்த இழைகளும் ஆக்டின் என்னும் மெல்லிய இழைகளும் ஒன்றனுள் ஒன்று கோத்திருக்கின்றன. தசை சுருங்கும்போது இந்த இழைகள் சுருங்குவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உட்செல்கின்றன. மயோசினிலிருந்து நீண்டிருக்கும் சிறு தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன.

தேரோட்டத்தைக் கண்டிருப்பீர்கள். வடத்தில் எத்தனை கைகள் பதிந்திருக்கின்றனவோ அத்தனை இழுவிசை கிடைக்கும். வடம் கூட்டத்தை விட்டு விலகிப்போய்விட்டால் இழுக்கக் கைகள் இரா. கூட்டம் தேரை ஒட்டி நெருக்கியடித்தாலும் கால் ஊன்றி இழுக்க இடம் இராது. தசை இழைகளின் நிலையும் இதுவே. 1966இல் கார்டன், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ஜூலியன் ஆகிய மூவரும் தவளையின் ஒற்றைத் தசை நாரை எடுத்து இதை அளந்து காட்டினர். சார்கோமியரின் நீளம் ஏறத்தாழ 2.0 முதல் 2.2 மைக்ரோமீட்டர் வரை இருக்கும்போது, அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் இரண்டு கூறுக்குச் சற்று மேற்பட்டிருக்கும்போது, இழுவிசை உச்சத்தில் நின்றது. நாரை நீட்ட நீட்ட விசை குறைந்தது. ஏறத்தாழ 3.65 மைக்ரோமீட்டரில் இழைகள் ஒன்றையொன்று தொடாமற் போகவே விசை அற்றுப்போயிற்று. மிகவும் சுருங்கிய நிலையிலும் விசை குறைந்தது. ஆகவே ஒரே தசை, ஒரே முயற்சியோடு இழுத்தாலும், தன் நீளத்துக்கேற்ப வெவ்வேறு விசையைத் தருகிறது என்பது தெளிவாயிற்று.

இஃது ஒரு காரணம். மற்றொரு காரணம் உங்கள் இயற்பியல் பாடத்தில் இருக்கிறது. நம் எலும்புகள் யாவும் நெம்புகோல்கள். முன்கையை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கை சுழலிடம், உள்ளங்கையிலிருப்பது பளு, மேற்கையின் இருதலைத் தசை இழுக்கும் விசை. அத்தசையின் நாண் முழங்கையிலிருந்து ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் தொலைவில் செயற்படுவதாகவும், பளு 30 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகவும் கொள்வோம். முன்கை கிடையாக இருக்கும்போது 5 கிலோகிராம் டம்பெல்லைத் தாங்கத் தசை எவ்வளவு இழுக்க வேண்டும்? ஐந்தை முப்பதால் பெருக்கி நான்கால் வகுத்தால் 37.5 கிடைக்கிறது. கையின் சொந்த எடையை விட்டுவிட்டாலும், 5 கிலோகிராமைத் தாங்க 37.5 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை வேண்டியிருக்கிறது. கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பளுவின் நேர்கோடு முழங்கை வழியாகவே செல்கிறது. அப்போது தசைக்கு வேலையே இல்லை எனலாம்.

பஸ்கியிலும் இதே கணக்குதான். நிமிர்ந்து நிற்கும்போது உடலின் எடை தொடையெலும்பின் வழியே நேராகக் கீழிறங்குகிறது. முழங்காலும் இடுப்பும் சிரமமின்றித் தாங்குகின்றன. உட்காரும்போதோ முழங்கால் முன்னேயும் இடுப்பு பின்னேயும் விலகுகின்றன. தொடை தரைக்கு இணையாக வரும் நிலையில் அந்த விலக்கம் மிகுதியாகிறது. தொடையின் முன்புறத் தசைக்கும் பிட்டத் தசைக்கும் அங்கேதான் கடினமான வேலை. அந்த இடத்திற்குப் போகாமலே திரும்பிவிட்டால் பஸ்கி எளிதாகிறது, எண்ணிக்கை கூடுகிறது. பரிசு பெற்ற மாணவன் ஏமாற்ற நினைக்கவில்லை. இயற்கை காட்டிய எளிய வழியில் அவன் சென்றான். நான் வகுத்த விதியும் அவ்வழியிலேயே அவனைத் தள்ளியது.

இதுவரை கூறியவற்றால் ஒன்று புலனாகும். ஒருவனுடைய வலிமை ஒரே எண்ணால் குறிக்கத்தக்கதன்று. மூட்டின் ஒவ்வொரு கோணத்திலும் அவனுக்கு வெவ்வேறு வலிமை உண்டு. அவ்வாறாயின் ஒரு கோணத்தில் பழகினால் மற்றக் கோணங்களிலும் வலிமை வளருமா?

இவ்வினா ஆராய்ச்சிக்கு வந்த கதையும் சுவையானது. இரண்டாம் உலகப் போரின்போது கால்களில் காயமுற்ற அமெரிக்க வீரர்கள் மருத்துவமனைகளை நிறைத்தனர். சிகாகோவில் ஓர் இராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் டிலார்ம் என்னும் மருத்துவர், இலேசான பளுவைப் பலமுறை அசைக்கும் பழைய முறையை விட்டுவிட்டு, கனத்த பளுவைச் சிலமுறை தூக்கச் செய்தார். இரும்புக் காலணியில் எடைகளை மாட்டி, மடங்கிய முழங்காலை நீட்டச் சொன்னார். வலிமை கூடக் கூட எடையையும் கூட்டினார். 1945இல் அவர் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார். பளுவைப் படிப்படியாக உயர்த்தும் இன்றைய பயிற்சி முறைகளுக்கு அவருடைய பணி ஓர் அடிப்படையாயிற்று.

1953இல் ஜெர்மனியில் ஹெட்டிங்கர், முல்லர் ஆகிய இருவர் வேறொரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். மூட்டை அசைக்காமலே, அசையாத பொருளொன்றை நாளைக்கு ஒருமுறை ஆறு விநாடி அழுத்தினால் போதும், வாரத்துக்குச் சுமார் 5 விழுக்காடு வலிமை கூடும் என்றனர். உலகெங்கும் அசையாப் பயிற்சிக்கு ஒரு மோகம் பிறந்தது. பின்னர் ஆராய்ந்தவர்களுக்கு அத்துணை வளர்ச்சி கிட்டவில்லை. அதனினும் முக்கியமான குறை ஒன்று தெரியவந்தது. 1963இல் கார்ட்னர் என்பவர் செய்த சோதனையில், முழங்கால் எந்தக் கோணத்தில் பழகியதோ அந்தக் கோணத்திலேயே வலிமை கூடியது; மற்றக் கோணங்களில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. பின்னர் வந்த சோதனைகள் இதனைச் சற்றுத் திருத்தின. பழகிய கோணத்தைச் சுற்றிலும் சிறிது பயன் பரவுகிறது. அதிலும் தசை நீண்டிருக்கும் கோணத்தில் பழகினால் அப்பயன் மற்றக் கோணங்களுக்கும் நன்கு பரவுகிறது.

அசையும் பயிற்சிக்கும் இவ்விதி பொருந்துமா? 1989இல் அமெரிக்காவில் கிரேவ்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இதைச் சோதித்தனர். முழங்காலை நீட்டும் பயிற்சியில் ஒரு குழு 120 பாகை மடிப்பிலிருந்து 60 பாகை வரை பழகியது. மற்றொரு குழு 60 பாகையிலிருந்து முற்றும் நீட்டும் வரை பழகியது. மூன்றாவது குழு முழு வீச்சிலும் பழகியது. பாதி வீச்சில் பழகிய இரு குழுவினருக்கும் தாம் பழகிய பாதியிலேயே அதிக வளர்ச்சி ஏற்பட்டது. முழு வீச்சினருக்கோ வளர்ச்சி எல்லாக் கோணங்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருந்தது.

2012இல் பிரேசில் நாட்டில் பின்டோ முதலானோர் நாற்பது இளைஞரை வைத்து முழங்கைப் பயிற்சியை ஆராய்ந்தனர். ஒரு குழு சுழியம் முதல் 130 பாகை வரையும், மற்றொரு குழு 50 முதல் 100 பாகை வரையும் பத்து வாரம் பழகின. எஞ்சியவர்கள் ஒப்பீட்டுக்காகப் பயிற்சியின்றி இருந்தனர். ஒரே முறை தூக்கக்கூடிய உச்ச எடை முழு வீச்சினருக்கு 25.7 விழுக்காடும், பகுதி வீச்சினருக்கு 16.0 விழுக்காடும் உயர்ந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பகுதி வீச்சில் பழகியவர்களால் அதிக எடையைக் கையாள முடிந்தது. அதிக எடையைத் தூக்கிப் பழகியும், முழு வீச்சுச் சோதனையில் அவர்கள் பின்தங்கினர்.

என் மாணவனின் வினாவுக்கு நேரான விடை 2013இல் புளூம்குவிஸ்ட் முதலானோர் வெளியிட்ட ஆராய்ச்சியில் கிடைக்கிறது. பதினேழு மாணவர்களை இரு குழுவாகப் பிரித்துப் பன்னிரண்டு வாரம் பளுவோடு பஸ்கி எடுக்கச் செய்தனர். ஒரு குழு முழங்கால் 120 பாகை மடங்கும்வரை இறங்கியது. மற்றது 60 பாகையோடு நின்றது. மேலோட்டமாகப் பழகியவர்கள் மேலோட்டமான பஸ்கியில் சுமார் 36 விழுக்காடு முன்னேறினர். ஆழமான பஸ்கியில் சுமார் 9 விழுக்காடே முன்னேறினர். ஆழமாகப் பழகியவர்களோ இரண்டிலும் சுமார் 20 விழுக்காடு முன்னேறினர். தொடையின் முன்புறத் தசை பருத்ததும் ஆழமாகப் பழகியவர்களிடமே மிகுதி. மேசையிலிருந்து பெட்டியை எடுத்த மாணவனையும், தரையிலிருந்து எடுத்த மாணவனையும் இவ்வெண்களுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

இவ்வாறு நிகழ்வதற்குக் காரணம் என்ன? முதற் காரணம் நரம்பு. பயிற்சி தொடங்கிய முதற் சில வாரங்களில் கூடும் வலிமைக்குத் தசையின் பருமனைவிட நரம்பின் தேர்ச்சியே பெரிதும் காரணம் என்பதை 1979இல் மொரிடானியும் டிவ்ரீஸும் காட்டினர். எந்தத் தசையை எப்போது, எவ்வளவு முனைப்போடு ஏவுவது என்பதை மூளையும் தண்டுவடமும் கற்றுக்கொள்கின்றன. பாடத்தின் முதற் பாதியை மட்டும் படித்த மாணவன் முதற் பாதியிலிருந்து வரும் வினாக்களுக்கே நன்கு விடையளிப்பான். நரம்புகளும் அத்தகைய மாணவர்களே. இரண்டாவது காரணம் தசையின் வளர்ச்சி. பளுவைத் தாங்கியபடி நீண்டிருக்கும் தசை சிறப்பாக வளர்கிறது எனப் பல சோதனைகள் உணர்த்துகின்றன. 2021இல் மாயெயோ முதலான ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் தொடையின் பின்புறத் தசைக்கு இரு வகைப் பயிற்சி கொடுத்தனர். ஒவ்வொருவரும் ஒரு காலை உட்கார்ந்தும் மற்றக் காலைக் குப்புறப் படுத்தும் மடக்கினர். முழங்காலின் வீச்சு இரண்டிலும் ஒன்றே. ஆனால் உட்காரும்போது இடுப்பு மடங்குவதால் அத்தசை அதிகமாக நீண்டிருக்கும். பன்னிரண்டு வாரத்தில் உட்கார்ந்து பழகிய காலில் தசையின் பருமன் 14 விழுக்காடும், படுத்துப் பழகிய காலில் 9 விழுக்காடும் உயர்ந்தது. ஆகவே வீச்சு எத்தனை பாகை என்பதோடு, அந்த வீச்சு தசையின் நீண்ட பகுதியை உள்ளடக்கியதா என்பதும் கருதத்தக்கது. பஸ்கியின் அடிப்பகுதியும், தண்டாலின் அடிப்பகுதியும் இத்தகைய நீண்ட நிலைகளே. சோம்பலால் நாம் முதலில் விட்டுவிடுவதும் அவற்றையே.

மாணவர்களே, இவ்வளவு கேட்டபின் பகுதி வீச்சுப் பயிற்சி பயனற்றது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எதிர்ச்சான்றையும் கேட்டபின்னரே தீர்ப்புக் கூறுதல் வேண்டும். 2016இல் ரியா முதலானோர் ஏற்கெனவே நன்கு பயிற்சி பெற்ற கல்லூரி விளையாட்டு வீரர்களைக் கொண்டு பதினாறு வாரம் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். கால் பங்கு, பாதி, முழுமை என மூவகைப் பஸ்கியில் அவர்களைப் பழக்கினர். நின்றபடி உயரத் தாவுவதிலும் குறுந்தொலைவு ஓடுவதிலும் கால் பங்கு பஸ்கியில் பழகியவர்களே அதிகம் முன்னேறினர். காரணம் விளங்கக் கூடியதே. தாவும்போதும் ஓடும்போதும் நாம் குதிகால் வரை உட்காருவதில்லை. முழங்கால் சிறிதளவே மடங்குகிறது. அந்தச் சிறு வீச்சில் கனத்த பளுவோடு பழகியது அந்தச் செயலுக்கு உதவியது. அவ்வாறே மூட்டில் காயமுற்றவருக்கு வலியில்லாத பகுதி வீச்சில் மருத்துவர் பயிற்சி தொடங்குவது உண்டு. ஆக, 'போகாத இடத்தில் பலம் வராது' என்னும் வாக்கின் மறுபக்கம், 'போகும் இடத்தில் பலம் வரும்' என்பது. எந்தச் செயலுக்காக வலிமை வேண்டுகிறோமோ அந்தச் செயலின் கோணங்களில் பழக வேண்டும். எந்தச் செயல் வாய்க்கும் என்று முன்கூட்டி அறியாத இளம் வயதினருக்கு முழு வீச்சே அடித்தளம். பகுதி வீச்சு அதன்மேல் கட்டும் சிறப்புப் பயிற்சி.

ஆழ உட்கார்ந்தால் முழங்கால் கெடும் என்ற அச்சம் உங்களிடம் இருக்கலாம். அவ்வச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1961இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளைன் என்பவர், ஆழமான பஸ்கி முழங்காலின் பிணையங்களைத் தளர்த்திவிடும் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை பல நாட்டுப் பயிற்சிக் கூடங்களிலும் பரவியது. பின்னர் வேறு ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, நலமான முழங்காலை உடையவர்களிடம் அத்தகைய தளர்ச்சியைக் காணவில்லை. ஆயினும் நலமான முழங்கால் என்ற சொற்களை மறவாதீர்கள். வலியும் வீக்கமும் உள்ள மூட்டை ஆழத்துக்கு வற்புறுத்துவது அறிவீனம். பளுவைப் பொத்தென்று இறக்கி, அடியில் துள்ளி எழுவதும் அவ்வாறே.

இனி நடைமுறைக்கு வருவோம். எங்கள் பி.டி. வாத்தியார் அடுத்த ஆண்டுப் போட்டிக்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு மாணவனுக்கும் பின்னால் செங்கற்களை அடுக்கி வைத்தார். உட்காரும்போது பின்பக்கம் செங்கலைத் தொட்டால்தான் அந்தப் பஸ்கி கணக்கில் சேரும். எல்லாருடைய எண்ணிக்கையும் சரிந்தது. ஆனால் அதன்பின் எண்ணிக்கைக்கு ஒரு பொருள் இருந்தது. அதே செங்கற்களைப் பயிற்சிக்கும் பயன்படுத்தலாம். முதலில் எளிதாக உட்கார்ந்து எழும் உயரத்துக்கு அடுக்குங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல், முழங்கால் உட்புறம் சாயாமல், பத்து முறை நிதானமாக எடுக்க முடிந்தால் ஒரு செங்கலை நீக்குங்கள். வலி தோன்றினால் மீண்டும் வையுங்கள். இவ்வாறு ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தால் ஆழமும் வலிமையும் ஒன்றாக வளரும்.

தண்டால் முழுமையாக வரவில்லையென்றால் பாதியில் நின்று எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். கைகளைத் திண்ணையின் மேலோ மேசை விளிம்பிலோ ஊன்றி, மார்பு அதைத் தொடும்வரை இறங்கி எழுங்கள். அப்போது உடலின் எடையில் ஒரு பகுதி குறைகிறது, வீச்சு குறைவதில்லை. பளுவைக் குறைத்து வீச்சைக் காப்பது தொடக்கநிலை மாணவனுக்கு உகந்த வழி. டம்பெல்லோ பளுத்தடியோ எடுப்பவர்கள், முழு வீச்சிலும் தம் கட்டுக்குள் வைத்திருக்கக்கூடிய எடையையே தேர்ந்தெடுக்க வேண்டும். கீழிறக்கும் போது இரண்டு விநாடியாவது செலவிடுங்கள். மூச்சை நெடுநேரம் அடக்காமல், எழும்போது வெளிவிடுங்கள். ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாட்களில் கடும் வேலை கொடுக்காமல் ஓய்வளியுங்கள். பயிற்றுநர் அருகில் இல்லாதபோது கனத்த பளுவைத் தொட வேண்டாம். முழு வீச்சில் செய்யும் வலிமைப் பயிற்சி மூட்டின் நெகிழ்ச்சியையும் வளர்க்கிறது. அவ்வகையில் அது நீட்டல் பயிற்சிக்குப் பின்தங்கியதன்று என்பதையும் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் 2021இல் காட்டியுள்ளனர்.

பதினாறு, பதினேழு வயதில் இவையெல்லாம் வெறும் விளையாட்டாகத் தோன்றலாம். ஆகையால் என் அனுபவம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் ஒரு திருமணத்துக்குச் சென்றேன். அங்கே பழைய முறைப்படி தரையில் பாய் விரித்துப் பந்தி நடந்தது. உண்டு முடித்ததும் எல்லாரும் எழுந்தனர். என்னால் எழ முடியவில்லை. பக்கத்திலிருந்த சிறுவன், "தாத்தா, கையைப் பிடிச்சுக்குங்க" என்று கை நீட்டினான். அவன் கையைப் பற்றி எழுந்தேன். நடப்பதில் எனக்குக் குறை இல்லை. நாள்தோறும் நான்கு கிலோமீட்டர் நடப்பவன் நான். ஆனால் நாற்காலியில் அமர்ந்து, கட்டிலில் படுத்து, பல ஆண்டுகளாக என் முழங்கால் 90 பாகைக்குக் கீழே இறங்கவேயில்லை. போகாத இடத்தில் பலம் வரவில்லை. முன்பு இருந்த பலமும் அங்கிருந்து போய்விட்டது.

மறுநாள், வீட்டுக் கொல்லையில் கிடந்த செங்கற்களை எடுத்து அடுக்கினேன். மருத்துவரிடம் முழங்காலைக் காட்டி, அவர் இசைவு பெற்ற பின்னரே தொடங்கினேன். முதல் நாள் எட்டுச் செங்கல் உயரத்தில் ஐந்து முறை எழுவதற்கே மூச்சு வாங்கியது. நான்கு மாதத்தில் அவற்றை மூன்றாகக் குறைத்தேன். அதற்கும் கீழே இன்னும் இறங்க முடியவில்லை. ஆனால் இப்போது தரையில் அமர்ந்து உண்டபின் பிறர் கையைத் தேடாமல் எழுகிறேன். 2004இல் 64 பஸ்கி எடுத்த மாணவனுக்கு நான் தராத பரிசு இன்றும் என் கணக்கில் பாக்கி நிற்கிறது. அவன் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், அன்றைய எண்ணிக்கை தவறு என்று அவனுடைய தலைமையாசிரியன் ஒப்புக்கொண்டதை அறிவானாக.

உங்களுக்கு வாய்த்திருக்கும் மூட்டுகள் இப்போது எல்லாப் பக்கமும் தாராளமாக அசைகின்றன. நாளை காலை விளையாட்டுத் திடலில் பஸ்கி எடுக்கும்போது, எத்தனை என்று எண்ணுமுன் எதுவரை என்று பாருங்கள்.